நாச்சி அழவில்லை

தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிச் சமையலறைத் தரையில் ஓரமாக வைத்துவிட்டு, இசக்கிராஜா தாளிக்கிற கரண்டியை எடுத்தான். கடுகு வெடித்து அடங்கியபின் எதற்கோ திரும்பினான். அவன் மகள் நாச்சி கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வலது கையை இறுக மூடி நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தாள். வாய் முழுசாகத் திறந்திருந்தது. முகம் சிவந்து, உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. சத்தம் இல்லை. மூச்சும் இல்லை.

அள்ளிக்கொண்டு போய்க் குழாய்க்கடியில் கையை நீட்டினான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளங்கை முழுக்கக் கன்றிப்போய், விரல் அடியில் கொப்புளம் கிளம்பியிருந்தது. தண்ணீர் பட்டதும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு மெல்ல மூச்சை இழுத்துக்கொண்டு அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அவளுக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது.

தாளிப்பு கருகும் வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தான். தான் திரும்பியிருக்காவிட்டால் இந்தக் கை எவ்வளவு நேரம் இப்படியே மூடியிருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

துறைமுகக் குடியிருப்பை ஒட்டிய மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருந்தது. குழந்தை மருத்துவர் மதுரவல்லி களிம்பை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப அழுதாளா?"

"அழவே இல்ல டாக்டர்."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நாச்சியின் பாவாடையைச் சற்று ஒதுக்கிக் காலைப் பார்த்தார். கணுக்காலில் பச்சை நிறத்தில் மெல்லிய பட்டை இருந்தது.

"அரவணைப்பு வீட்டுலதான் விடுறீங்களா?"

"ஆமா. எப்சிபா அக்கா வீட்டுல. நல்ல வீடு டாக்டர். சேக்கும்போதே அரவணைப்புல முழுப் பச்சைன்னு காட்டுச்சு."

"எல்லாமே நல்ல வீடுதான்." மருத்துவர் மறுபடி களிம்பைத் தடவ ஆரம்பித்தார். "ஊசி போடுற ரூம்ல இப்பல்லாம் சத்தமே கேக்குறதில்ல. கவனிச்சீங்களா? போன மாசம் ஒரு பையனைக் கொண்டுவந்தாங்க. காதுக்குள்ள சீழ் வச்சு உடைஞ்சே போயிருக்கு. எத்தனை நாளா வலிச்சுதோ, பெத்தவளுக்குத் தெரியல. இன்னொரு பிள்ளைக்குக் கால் எலும்புல முறிவு. எப்ப விழுந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியல. ஏன்னா அதுவும் அழல."

"இது என்ன நோய் டாக்டர்?"

"நோய்னு சொல்ல எனக்கு ஒண்ணும் கெடைக்கல. வலி தெரியுது. நல்லாவே தெரியுது. இங்க பாருங்க, நாடி எப்படி இறங்குதுன்னு." அவர் கட்டுப் போட்டு முடித்தார். "மேல எழுதியிருக்கேன். பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்துச்சு. நீங்க ஒண்ணு செய்யுங்க. தினமும் குளிப்பாட்டும்போது உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் பாருங்க. அவ சொல்லமாட்டா. நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்த நாச்சி, கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். இசக்கிராஜாவுக்கு அவள் பின்னந்தலையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரம்தூக்கி ஓட்டுகிறவன். உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து பெட்டிகளைக் கப்பலிலிருந்து எடுத்து வைக்கிற வேலை. மனைவி கோமதி நடுக்கடலில் நடப்பட்ட காற்றாலைகளில் தொழில்நுட்பப் பணியாளர். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தூரத்தில் இருந்தார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று கர்ப்பமாக இருந்தபோதே அவர்கள் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அரசாங்கம் அரவணைப்பைக் கொண்டுவந்த காலத்தை அவன் மறக்கவில்லை. அதற்கு முந்தைய வருடங்களில், குழந்தை பார்த்துக்கொள்கிறோம் என்று போர்டு போட்ட வீடுகளில் இருமல் மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். பூட்டிய அறையில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள். ஒரு குழந்தை கண்விழிக்கவே இல்லை. அதன் பிறகுதான் இந்தச் சேவை. உங்கள் வேலை நேரத்தைச் சொன்னால் போதும். பக்கத்தில், உங்களுக்குக் கட்டுப்படியாகிற வீட்டை அதுவே தேடிக் கொடுக்கும். அந்த வீடு எவ்வளவு பத்திரமானது என்று ஒரு நிறமும் காட்டும். அந்த நிறத்தைக் குழந்தைகளின் கால்பட்டைகளே தீர்மானித்தன. பட்டை அழுகையைக் கேட்கும், நாடியைப் பார்க்கும். வதைபடுகிற பிள்ளை அழும். அழுகை கூடினால் நிறம் மாறும். யாரும் லஞ்சம் கொடுத்து மாற்ற முடியாத கணக்கு என்று எல்லோருக்கும் அதன்மேல் நம்பிக்கை இருந்தது. கோமதி அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கடலுக்குப் போகச் சம்மதித்தாள்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் நாச்சியை எப்சிபாவிடம் விட்டான். வேலைக்குப் போகாமல் தெருமுனை டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான். வாசல் கதவு திறந்தே இருந்தது. உள்ளே எப்சிபா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ராகம். அவள் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. ஆனால் முன்னறை நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அவன் கதவோரம் நின்று பார்த்தான். மரக்குதிரையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் முன்பக்கமாகக் கவிழ்ந்தான். மோவாய் தரையில் இடித்த சத்தம் வாசல்வரை கேட்டது. பையன் எழுந்து உட்கார்ந்தான். உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. வாய் அகலத் திறந்தது, மூச்சு நின்றது.

அந்தக் கணத்தில் அறையிலிருந்த மற்றப் பிள்ளைகளும் அசையாமல் போனார்கள். கட்டையை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையின் கை அந்தரத்தில் நின்றது. தவழ்ந்துகொண்டிருந்த கைக்குழந்தை பாயோடு பாயாக ஒட்டிப் படுத்தது. நாச்சி சுவரோடு சேர்ந்து நின்றாள். ஒரு கண்ணும் சிமிட்டவில்லை.

எப்சிபா பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து பையனை மடியில் தூக்கினாள். புடவைத் தலைப்பால் ரத்தத்தை ஒற்றினாள். அவன் காதோரம் குனிந்து அவள் சொன்னது இசக்கிராஜாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அழு ராசா. கொஞ்சூண்டு அழு. ஒண்ணும் செய்யமாட்டேன் ராசா, அழு."

பையன் மூச்சை இழுத்துக்கொண்டான். பிறகுதான் மற்றப் பிள்ளைகள் அசைந்தார்கள்.

எப்சிபா நிமிர்ந்தபோது இசக்கிராஜாவைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. "தம்பி, சத்தியமா நான் அவனத் தள்ளல."

"தெரியும்க்கா. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்." அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். "எவ்வளவு நாளா இப்படி இருக்குதுவ?"

எப்சிபாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பையனை மடியைவிட்டு இறக்காமலே பேசினாள்.

"மொதல்ல ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னேன் தம்பி. எத்தன பிள்ளைய வளத்திருக்கேன், இப்படிச் சமத்தா இருந்து பாத்ததில்ல. நம்ம கைராசின்னு நெனச்சேன். நெறமும் பச்சையாவே கெடந்துச்சு. பொறவு பொறவுதான் பயம் வந்துச்சு. இத்தன பிள்ளைய இருக்க வீட்டுல செவத்துக் கடிகாரம் ஓடுதது கேக்கு. அதக் கேக்கமாட்டாமத்தான் நாள்பூரா பாடிக்கிட்டுக் கெடக்கேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேனே. அரவணைப்பு ஆபீசுலருந்து பாக்க வந்தாவ. நெறத்தப் பாத்துட்டு, உங்க வீடுதான் மாவட்டத்துலயே நல்ல வீடுன்னு கைகுலுக்கிட்டுப் போனாவ."

"அந்தப் பட்டை என்னக்கா செய்யும்?"

"பிள்ள அழ ஆரம்பிச்சா லேசா முனங்குமாம். தாலாட்டு மாதிரி. நமக்குக் கேக்காது, எலும்பு வழியாப் போவுமாம். அப்படித்தான் சொல்லிக்குடுத்தாவ."

இசக்கிராஜா நாச்சியைத் தூக்கி, அவள் கணுக்காலைத் தன் காதோடு வைத்துப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டதோ, அவனுடையதோ.

"இதக் கழத்திட்டா?"

"கழத்தின பிள்ளைய நான் வச்சிக்கிட முடியாது தம்பி. உரிமம் போயிரும். வேற எந்த வீட்டுலயும் எடுக்கவும் மாட்டாவ." பையனின் உதட்டை மறுபடி ஒற்றிவிட்டு, "என் பிள்ளையா இருந்தா நான் கழத்திருவேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டினான். மெல்லியதுதான்; ஆனால் வெட்டுப்பட நேரமாயிற்று. வெட்டியதும் அவன் கைபேசியில் அரவணைப்பிலிருந்து செய்தி வந்தது. நாச்சியின் இடம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றும், பெற்றோர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றும் இருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு தரையில் உட்கார்ந்து, அவள் அழுவாளா என்று காத்திருந்தான்.

இரண்டு நாள் ஆயிற்று. நாச்சி கதவு நிலையில் இடித்துக்கொண்டாள், அழவில்லை. பசித்தபோது அடுப்படியில் போய் அமைதியாக உட்கார்ந்தாள். அவன் அவள் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டான். அவள் வாய் திறந்தது, மூச்சு நின்றது, கண் அவன் முகத்திலேயே நின்றது. பிறகு எல்லாம் அடங்கிப்போயிற்று. கிள்ளினால் அழுவாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு கை அவள் தொடைவரை போய்விட்டது. அவள் அந்தக் கையைப் பார்த்து, கிள்ளுவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய் நின்றான்.

அன்று மாலை கோமதி கடலிலிருந்து பேசினாள். பின்னால் காற்று இரைந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"சொன்னதெல்லாம் கேக்குதா?" என்றான்.

"கேக்கு." அவள் குரல் கம்மியிருந்தது. "நான் கெளம்பும்போது அவ அழமாட்டேங்காளேன்னு எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். எல்லாப் பிள்ளையும் அம்மா போனா அழுமேன்னு. பொறவு, சரி, சந்தோசமா இருக்கா, நல்லதுதானேன்னு மனசத் தேத்திக்கிடுவேன். ஒவ்வொரு தடவையும் அவ மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னிருக்கா, இல்லையா?"

அவன் திரும்பி நாச்சியைப் பார்த்தான்.

"அடுத்த படகுல வந்துருதேன்" என்றாள். "நீ ஆபீசுக்குப் போய்க் கேளு. என்ன செஞ்சாவன்னு கேளு."

அரவணைப்பின் மண்டல அலுவலகம் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்துக் கட்டியது. வியாழக்கிழமை நாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போனான். தொழில்நுட்பப் பிரிவின் தலைவி என்று எழுதிய அறையில் உமையாள் என்ற அம்மாள் இருந்தார். காரைக்குடிப் பக்கத்துப் பேச்சு. விளக்கம் கேட்கப்போகிறார் என்று நினைத்து வந்தவன், அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தியதும் திகைத்தான்.

"கையில என்ன கட்டு?"

"சுட்டுக்கிட்டா. அழல."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அவருக்கு அது புதிய செய்தியாகத் தெரியவில்லை.

"பட்டை என்ன செய்யுதுன்னு சொல்லுங்க மேடம். தாலாட்டுன்னு சொன்னாவ."

"தாலாட்டாத்தான் ஆரம்பிச்சது." உமையாள் நாற்காலியை அவனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மாவோட நெஞ்சுத் துடிப்பு மாதிரி ஒரு அதிர்வு. அதைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாக்குறதுக்குப் பட்டைக்கு அனுமதி குடுத்திருந்தோம். எந்த அதிர்வுக்கு அழுகை சீக்கிரம் நிக்குதோ, நாடி சீக்கிரம் இறங்குதோ, அதை வச்சுக்கும். ஒரு பட்டை கத்துக்கிட்டதை எல்லாப் பட்டையும் எடுத்துக்கும். லட்சக்கணக்கான பிள்ளைங்க. ரொம்பச் சீக்கிரமா நல்லாக் கத்துக்கிச்சு."

"நல்லதுதானே?"

"நாங்களும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தோம். குழந்தை மருத்துவர்கள் எழுத ஆரம்பிச்ச பிறகுதான் அந்த அதிர்வைத் தனியா எடுத்துப் பாத்தோம்." அவர் சொல்லத் தயங்கினார். "காட்டுல மான்குட்டியைப் புல்லுக்குள்ள விட்டுட்டுத் தாய் மேயப் போகும். பக்கத்துல ஏதாவது மிருகம் வந்தா குட்டி என்ன செய்யும்?"

"அசையாமப் படுத்துக்கிடும்."

"ஆமா. கத்தாது. மூச்சைக்கூட அடக்கிக்கும். நெஞ்சுத் துடிப்பு பாதியா இறங்கிடும். மனுசக் குழந்தைக்குள்ளயும் அது எங்கயோ இருக்கு. பட்டை அதைக் கண்டுபிடிச்சிருக்கு. நாடி இறங்கினதை ஆறுதல்னு எடுத்துக்கிச்சு. அது குழந்தைகிட்டச் சொன்னது வேற. பக்கத்துல ஏதோ வந்திருக்கு, சத்தம் போட்டா உன்னைத் தின்னுடும்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தப்பவும்."

நாச்சி அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கைமேல் தன் கையை வைத்தான். அவன் கைதான் சில்லிட்டிருந்தது.

"அப்ப அத நிறுத்துங்க" என்றான். "இன்னிக்கே நிறுத்துங்க. எத்தன பிள்ளைய காலுல கெடக்கு இப்ப. நான் வெட்டிட்டேன். மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?"

உமையாள் நாற்காலியை அவன் பக்கம் இன்னும் நகர்த்தினார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நிறுத்திட்டோம் தம்பி. பொங்கலுக்கு முன்னாடியே நிறுத்திட்டோம். மாநிலம் பூரா. இப்ப அந்தப் பட்டைங்க சும்மா கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருக்கு. அதிர்றதில்ல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. பொங்கல் போய், வெயில் ஏறி, பங்குனி வந்துவிட்டது.

"நிறுத்தினதும் எல்லா வீடும் சிவப்பாயிடும், ஒரே அழுகையா இருக்கும், ஊரே எங்களைத் திட்டும்னு தயாரா இருந்தோம்" என்றார் அவர். "ஒரு வீடுகூட மாறல. அதிர்வு தேவைப்படல. பிள்ளைங்களுக்கு அது உள்ள போயிடுச்சு. நிறுத்தின பிறகு புதுசா சேர்ந்த கைக்குழந்தைங்க இருக்காங்க. அவங்களுக்கு அந்த அதிர்வே பட்டதில்ல. மொத வாரம் அழுறாங்க. பெரிய பிள்ளைங்க அப்படியே உறைஞ்சுபோய் நிக்கிறதைப் பாக்குறாங்க. ரெண்டாவது வாரம் அவங்களும் நிறுத்திடுறாங்க."

பாயோடு பாயாக ஒட்டிப் படுத்த கைக்குழந்தை இசக்கிராஜாவின் கண்முன் வந்தது.

"ஏன் வெளியில சொல்லல?"

"சொல்லணும்னுதான் நான் சொன்னேன். நாளைக்குக் காலையில அத்தனை அப்பா அம்மாவும் வேலையை விட்டுட்டு நிப்பாங்க, இல்லேன்னா பழையபடி பூட்டின அறையும் இருமல் மருந்தும்தான்னு மேல சொல்லிட்டாங்க. அது பொய்யும் இல்ல. நீங்களே எத்தனை நாள் லீவு போடுவீங்க?"

"அப்ப என்னதான் செய்யப்போறீங்க?"

"காத்துக்கிட்டு இருக்கோம்."

"எதுக்கு?"

"ஏதாவது ஒரு பிள்ளை, நடுவுல நின்னு, நல்லாச் சத்தமா அழணும். அழுதும் அதுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதை மத்தது பாக்கணும். அப்படி ஒண்ணு நடந்தா மாறலாம்னு நெனைக்கிறோம்." உமையாள் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "இன்னும் நடக்கல."

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். இரண்டு குழந்தைகளின் காலிலும் பச்சைப் பட்டை இருந்தது. ஒருத்தி நாச்சியைப் பார்த்து, "சமத்துப் பிள்ள" என்றாள். இசக்கிராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து நாச்சிக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். வாயைக் கழுவிவிட்டான். கைக்கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்தான். அவளைத் தரையில் விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தபோது, அவள் பிறந்த நாள் நினைவுக்கு வந்தது. பிரசவ அறைக்கு வெளியே அவன் நின்றிருந்தான். உள்ளேயிருந்து வீல் என்று வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தாயும் பிள்ளையும் பிழைத்ததாகத் தெரிந்துகொண்டான். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

முதலில் தோள்தான் குலுங்கியது. வழக்கம்போல் பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தான். பிறகு அடக்கவில்லை. ஆண்பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதான்.

நாச்சி விறைத்து நின்றாள். அறையின் நடுவில், கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க, கண் இமைக்காமல் நின்றாள். அவன் நிறுத்தவில்லை. அவள் உடம்பு லேசாக நடுங்க ஆரம்பித்தது. ஓர் அடி வைத்தாள். அடுத்த அடி வைத்தாள். மெல்ல, காலோசை எழாதபடி அவனிடம் வந்து சேர்ந்தாள்.

கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவன் வாயைப் பொத்தினாள்.

புண்ணில் வலித்திருக்கும், ஆனாலும் அழுத்திப் பொத்தினாள். அவள் முகம் அவனைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, சாத்தியிருந்த வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிஞ்சுக் கைக்குள் இசக்கிராஜாவின் மூச்சு நின்றது. அவனும் கதவைப் பார்த்தான். இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளை எதோடு தனியாக இருந்தாள் என்பது அப்போதுதான் முழுசாக அவனுக்கு உறைத்தது. வருகிற எதுவோ ஒன்றிடமிருந்து அவனையும் காப்பாற்றப் பார்க்கிறாள்.

அவளை மடியில் இழுத்து இறுக்கி உட்காரவைத்துக்கொண்டான். அந்தக் கையை நோகாமல் விலக்கினான். வாசலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தான். அவள் நெஞ்சு அவன் கைக்குள் படபடத்தது. அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், ஒன்றும் வரவில்லை என்று அவள் பார்த்துத் தெரிந்துகொள்ளும்வரை அழுவது என்று அவன் அழுதுகொண்டே இருந்தான்.